விட்டுப்போன முதல் பெயர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு, பதினோரு வருடமாகத் தான் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டுக்குள்ளேயே அகஸ்தீன் கொல்லப்பட்டான்.

கொன்றது காவல் இயந்திரம். நான்கு கால், இடுப்பளவு உயரம், முன்னால் இரண்டு இரும்புக் கைகள். கம்பெனி அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. தூத்துக்குடியில் எல்லோரும் நாய் என்றுதான் சொன்னார்கள். போன வருடம் சரக்குத் திருடர்கள் இரண்டு காவலாளிகளை வெட்டிப் போட்ட பிறகு, வேலிக்குள் அத்துமீறி நுழைகிறவனை அடக்கும் அதிகாரத்தை அரசாங்கம் இந்த நாய்களுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் அவை சர்வரிடம் ஆட்களின் பட்டியலைக் கேட்டு வாங்கும். பட்டியலில் உள்ள முகத்தைப் பார்த்தால் நெற்றியில் பச்சை விளக்கு எரியும். இல்லாத முகமென்றால் சிவப்பு. "கீழே படு" என்று மூன்று முறை சொல்லும். படுக்காதவனை அடிக்கும்.

அகஸ்தீன் படுக்கவில்லை. கையில் டீ கிளாஸோடு நின்று சிரித்தான்.

"ஏல, என்னையத் தெரியலையா ஒனக்கு?"

மூன்றாவது முறை சொல்லி முடித்ததும் இரும்புக் கை அவன் வலது முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கிரேனுக்குக் கீழே நின்றவர்களுக்கும் கேட்டது. விழுந்தவன் முழங்கைகளை ஊன்றி கேட்டை நோக்கித் தவழ்ந்தான். படுக்காமல் தவழ்ந்ததை அது எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டது. மற்ற காலையும் உடைத்துவிட்டு அவன் முதுகின் மேல் ஏறி நின்றது.

தொழிலாளர் சங்கத் தலைவன் எஸ்தாக்கியும் எட்டுப் பேரும் ஓடிவந்தார்கள். கன்டெய்னர்களை இறுக்கும் கம்பியால் நாயின் முதுகில் மாறி மாறி அடித்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் இருந்தது. அதனால் நாய் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொருவரையும் பார்த்து நெற்றியில் பச்சை காட்டி, "தயவுசெய்து விலகி நில்லுங்கள்" என்று மரியாதையாகச் சொன்னது. சொல்லிக்கொண்டே அகஸ்தீனை அழுத்தியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ரத்தம் வந்து நின்றுவிட்டது.

சங்கரவடிவை எட்டு மணிக்கு அழைத்தார்கள். முப்பத்தாறு வயது, தனியாள், யார்டின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள். நாய்களுக்குப் பட்டியல் அனுப்பும் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் அவள் பொறுப்பு. அவள் வரும்போது சிமென்ட் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கேட்டுக்கு வெளியே ஓடி, அலுவலக வாசலில் இருந்த சாக்கடைக்குப் போனது. அவள் அதைத் தாண்டித்தான் அலுவலகத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது.

பாதுகாப்பு மேலாளர் கிருபாகரன் அவள் மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"நாய் மேல தப்பு இல்லைம்மா. அதுக்குப் போன பட்டியல்ல அவன் பேரே இல்லை. ஏன் இல்லைன்னு கண்டுபிடி."

டேட்டாபேஸுக்குள் நேராகப் போய்ப் பார்த்தாள். அகஸ்தீன் இருந்தான். பெயர், அடையாள எண், போட்டோ எல்லாம் ஒழுங்காக இருந்தன. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு வரிகள். பிறகு அதே பட்டியலை ஸ்கிரிப்ட் வழியாக எடுத்தாள். இருநூற்றுப் பதின்மூன்று வந்தது.

போட்டோ கெட்டுப்போயிருக்குமோ என்று திறந்து பார்த்தாள். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பெயரில் உள்ள 'ஸ்' எழுத்தில் ஏதாவது கோளாறா? அதே எழுத்து உள்ள எஸ்தாக்கி ஒழுங்காக வந்திருந்தான். மூன்றாவதாக, முந்தின நாள் அனுப்பிய பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அதிலும் ஒன்று குறைந்தது. அன்றைக்கு விடுபட்டது அகமது மீரான் என்ற டிரைவர்.

"மீரான் பாய் எங்க சார்?"

"ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசமா ஆஸ்பத்திரியில. நேத்தோட ரிட்டயர். சாயங்காலம் பேரை எடுத்தாச்சு."

வடிவு இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பட்டியல் அகர வரிசையில் போகும். மீரான் இருந்தவரை முதல் பெயர் மீரான். அவர் போனதும் முதல் பெயர் அகஸ்தீன். ஸ்கிரிப்டைத் திறந்து கீழே இறங்கினாள். அந்த ஒற்றை வரியில் வந்து நின்றாள். அவளே எழுதிய வரி.

"என்னம்மா? சொல்லு."

"ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டுக் கூப்பிடுவாங்கள்லா சார். வெளிய யாராவது இருக்காங்களான்னு பார்க்கதுக்கு ஒருத்தரை உள்ள கூப்பிடுதாங்கன்னு வச்சுக்கோங்க. அவரு வாராரு. சரி, ஆள் இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. அவரை அப்படியே மறந்துட்டு 'அடுத்த ஆள்'னு கூப்பிட ஆரம்பிச்சா என்ன ஆகும்?"

"முதல் ஆள் கணக்குலயே வர மாட்டான்."

"அதான் சார் நடந்திருக்கு. மூணு வாரத்துக்கு முந்தி ஒரு நாள் டேட்டாபேஸ் படுத்துருச்சு. காலிப் பட்டியல் போயிருந்தா நாய் அத்தனை பேரையும் அடிச்சிருக்கும். அதுக்குப் பயந்துதான் ஒரு வரி சேர்த்தேன். முதல்ல ஒரு பெயரை எடு, வந்தா பட்டியல் இருக்குன்னு அர்த்தம், வரலைன்னா நாய்களை நிறுத்துன்னு. ஆனா எடுத்த அந்தப் பெயரைத் திருப்பிப் பட்டியல்ல சேர்க்காம விட்டுட்டேன். பேரை ஒவ்வொண்ணா அனுப்புற லூப் ரெண்டாவது ஆள்லேர்ந்துதான் தொடங்குது."

 கிருபாகரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ யார் பேர் முதல்ல வருதோ, அவனுக்கு மட்டும் சிவப்பு."

"ஆமா சார். நாய்களை இப்பவே நிறுத்துங்க."

"காவல் இல்லாம யார்டு நடத்தக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு. நிறுத்தினா யார்டையே மூடணும். வெளியில நாலு கப்பல் நிக்குது. நீ சரி பண்ணிக் கொடு, தலைமை அலுவலகத்துக்கு நான் அனுப்பறேன். அவங்க ஒப்புதல் வர ரெண்டு நாள் ஆகும்."

வடிவு பத்து நிமிடத்தில் ஸ்கிரிப்டைத் திருத்திக் கொடுத்தாள். ஆனால் ஒப்புதல் இல்லாமல் அதை ஏற்ற அவளுக்கு அனுமதி கிடையாது. மணி பன்னிரண்டரை. இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட். அகஸ்தீனின் பெயரை அதற்குள் நீக்கிவிட்டிருந்தார்கள். அடுத்த பெயர் அடைக்கலம், கிரேன் ஓட்டுகிறவன். சாப்பாட்டுத் தூக்கோடு வீட்டிலிருந்து கிளம்பியிருப்பான்.

பொய்யாக ஒரு பெயரைச் சேர்க்க முடியாது. பதிவான முகம் வேண்டும். ஆனால் ஊழியர்களின் பெயரைத் திருத்தும் அனுமதி அவளிடம் இருந்தது. தன் பக்கத்தைத் திறந்தாள். அப்பா பெயர் அருணாசலம். அந்த முதலெழுத்தை அவள் எங்கேயும் போட்டதில்லை. 'சங்கரவடிவு' என்பதை 'அ. சங்கரவடிவு' என்று மாற்றினாள். பட்டியலின் தலையில் போய் நின்றது.

"இனிமே விட்டுப்போறது என் பேருதான் சார். ஸ்கிரிப்ட் ஏறுற வரைக்கும் நான் யார்டுக்குள்ள கால் வைக்காம இருந்தா போதும். ஆபீஸ் வாசல் வெளிப்பக்கம்தான இருக்கு."

"கெட்டிக்காரி" என்றார் கிருபாகரன். "அவசரத்துக்கு உன் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துட்டுப் போ."

எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. நாய்களை எடுக்காமல் உள்ளே வர மாட்டோம் என்று எஸ்தாக்கி சொல்லிவிட்டான். இருநூறு பேர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். அகஸ்தீனின் உடல் அறுத்துத் தைக்கப்பட்டு வீட்டுக்கு வந்திருந்தது.

பதினொரு மணிக்கு வடிவு அந்த வீட்டுக்குப் போனாள். போக வேண்டாம் என்று எஸ்தாக்கி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. பெண்கள் நிறைந்த அறையில் அகஸ்தீனின் மனைவி மிக்கேலம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த அவன் வேலை பூட்ஸ் இரண்டும் அவள் மடியில் இருந்தன.

வடிவு முன்னால் போய் மண்டியிட்டாள்.

"அக்கா, அந்தப் பட்டியல் அனுப்புற ஸ்கிரிப்டை எழுதினது நான். என் தப்புலதான் அண்ணன் பேரு விட்டுப்போச்சு."

அறையில் அழுகை நின்றது.

"என்ன சொன்ன?"

"நான் எழுதினதுதான் அக்கா."

மிக்கேலம்மாள் பூட்ஸின் கழுத்தைப் பிடித்து, இரும்பு வைத்த முனையால் வடிவின் முகத்தில் அடித்தாள். இடது புருவம் பிளந்தது. அடுத்த அடி தோளில் விழுந்தது. பிறகு எங்கே விழுகிறது என்று பார்க்காமல் அடித்தாள். "பதினோரு வருசம்டி! பதினோரு வருசம் அந்தக் கேட் வழியாப் போனாருடி!" என்று கத்திக்கொண்டே அடித்தாள். வடிவு கையைத் தூக்கித் தடுக்கவில்லை. யாரும் விலக்கவுமில்லை. கடைசியில் மிக்கேலம்மாளுக்கே மூச்சு முட்டி, பூட்ஸ் கையிலிருந்து நழுவியது. வடிவின் வாயில் ரத்தமும் ஒரு பல் துண்டும் இருந்தன. துப்பாமல் விழுங்கிவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

தெருக்குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கு வந்தபோது மணி இரண்டு இருபத்தைந்து. எஸ்தாக்கி ஓடிவந்தான்.

"எம்மா, என்ன கோலம் இது! நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?"

"விடுங்கண்ணே. எனக்கு வேணும். நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"கிருபாகரன் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்காரு. ரெண்டரைக்கு, யார்டு நடுவுல இருக்க கன்ட்ரோல் ரூம்ல. நான் மட்டும் தனியா வரணுமாம்." அவன் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "உள்ள போலாமா வடிவு? ஒண்ணும் ஆகாதே?"

"தைரியமா போங்கண்ணே. என் பேருதான் முன்னால நிக்கு. நான் உள்ள வராத வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அவன் போனான். கேட்டிலிருந்து அறுபது, எழுபது அடி போயிருப்பான். கன்டெய்னர் இடுக்கிலிருந்து நாய் வெளியே வந்து அவன் முகத்தைப் பார்த்தது. நெற்றியில் சிவப்பு எரிந்தது.

"கீழே படு."

கேட்டில் நின்ற இருநூறு பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். எஸ்தாக்கி முந்தின நாள் காலையில் எல்லாவற்றையும் பார்த்தவன். ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் கவிழ்ந்து படுத்து, கைகளை விரித்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டான். நாய் பக்கத்தில் வந்து ஒரு கையை அவன் பிடரியில் ஊன்றியது. அசையாமல் கிடந்தால் பிழைத்துக்கொள்வான். போலீஸ் வரும்வரை பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஏன் சிவப்பு என்று வடிவுக்கு விளங்கவில்லை. விடுபட்டது தன் பெயர் என்பது மட்டும் நிச்சயம் என்று நினைத்தாள். தான் உள்ளே ஓடினால், படுக்காமல் நின்றால், நாய் அவனை விட்டுவிட்டுத் தன்னிடம் வரும். வேறு யோசனை வரவில்லை. கேட்டைத் தாண்டி ஓடினாள்.

"நான் இங்க இருக்கேன்! என்னையப் பாரு! இங்க வா!"

நாய் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தது. புருவம் பிளந்து வீங்கிய முகம். இருந்தும் அடையாளம் கண்டுகொண்டது. பச்சை எரிந்தது.

"தயவுசெய்து விலகி நில்லுங்கள்."

அவளுக்கு எல்லாம் அப்போதுதான் புரிந்தது. தன் பெயர் பட்டியலில் போயிருக்கிறது. அப்படியென்றால் தனக்கு முன்னால் யாரோ இன்னொரு பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கவிழ்ந்து கிடந்த எஸ்தாக்கிக்குப் பச்சை தெரியவில்லை. அவள் குரல் மட்டும்தான் கேட்டது. உள்ளே வந்தால் சாகப்போவது அவள் என்றுதான் அவனுக்குத் தெரியும்.

"வராத வடிவு!" என்று கத்திக்கொண்டு தலையையும் தோளையும் தூக்கினான்.

பிடரியில் இருந்த கை இறங்கியது. அவன் முகம் சிமென்டில் மோதியது. இரண்டாவது தடவை கழுத்து முறிந்தது. கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டிருந்தன. வடிவு அந்த இரும்புக் கையைக் கட்டிப்பிடித்துத் தொங்கினாள். கடித்தாள். அது அவளை நோகாமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி அழுத்தியது.

கூட்டம் கேட்டை உடைத்துக்கொண்டு நுழைந்தது. அடைக்கலம் கிரேனில் ஏறினான். காலிக் கன்டெய்னர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, நாய் எஸ்தாக்கியை விட்டு நகர்ந்ததும் அதன் தலைக்கு மேலே கொக்கியைத் திறந்துவிட்டான். பூமி அதிர்ந்தது. மற்ற ஐந்து நாய்களையும் கம்பியாலும் கல்லாலும் அடித்து நொறுக்கினார்கள். அவை கடைசிவரை விலகி நிற்கச் சொல்லிக்கொண்டே நொறுங்கின. போலீஸ் வந்து தடியடி நடத்தியதில் பதினேழு பேருக்கு மண்டை உடைந்தது.

இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போது வடிவு அலுவலகத்துக்குப் போய்த் தன் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பட்டியலின் முதல் வரியில் 'அ. எஸ்தாக்கி' என்று இருந்தது. இரண்டாவது 'அ. சங்கரவடிவு'. எஸ்தாக்கியின் அப்பா பெயர் சூசை. அந்த வீட்டில் அ என்று தொடங்கும் பெயரே கிடையாது. யாரோ அந்த ஓர் எழுத்தை அவன் பெயருக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அகர வரிசையில் எ முந்தி, ச பிந்தி. மாற்றிய நேரம் காலை பதினொன்று இருபது. இதே கம்ப்யூட்டர். மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

திருத்திய ஸ்கிரிப்ட் தலைமை அலுவலகத்துக்குப் போகவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஏழு நாள் கழித்துப் போலீஸ் கூடுதல் கண்காணிப்பாளர் குற்றாலிங்கம் அவளை விசாரித்தார். அதற்கு முன்பே கிருபாகரன் எழுதிக் கொடுத்துவிட்டார்: இரண்டு மரணங்களுக்கும் அந்தப் பெண்ணே காரணம்; முதலாவது கவனக்குறைவு; இரண்டாவது, தன் தவறை எஸ்தாக்கி வெளியே சொல்லிவிடுவானென்ற பயம்.

"உன் பாஸ்வேர்ட் அவர்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லுத. எழுதிக் கொடுத்த தாள் இருக்கா?"

"அவருகிட்ட இருக்கும் சார்."

"இல்லைங்காரு. சரி, போன வாரம் புதன்கிழமை பதினொன்று இருபதுக்கு நீ எங்க இருந்த? அதைச் சொல்லு போதும்."

 வடிவின் புருவத்தில் ஆறு தையல். அதைப் பற்றிக் கேட்டபோது கலவரத்தில் பட்டது என்று சொல்லியிருந்தாள். தாலியறுத்த வீட்டுக்குள் போலீஸ் ஜீப்பை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"வெளிய இருந்தேன் சார்."

"வெளியன்னா? பார்த்த ஆள் உண்டா?"

"சொல்ல முடியாது சார்."

அவர் பேனாவை மூடினார். "கொலை வழக்கும்மா இது. புரிஞ்சுதான் பேசுதியா?"

மறுநாள் அவளைக் கைது செய்வதாக இருந்தது; பதினொன்று இருபது என்ற நேரம் முதல் எல்லாம் பேப்பரில் வந்திருந்தது. காலை பத்து மணிக்கு வடிவு தன் வக்கீலோடு ஸ்டேஷனுக்கு வந்தபோது, குற்றாலிங்கத்தின் மேஜைக்கு எதிரே மிக்கேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். வடிவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"போன வாரம் புதன்கிழமை பதினொரு மணிக்கு இவ எங்க வீட்டுக்கு வந்தா சார். உண்மையைச் சொன்னா. நான் அடிச்சேன். பெட்டியை எடுக்க வந்த ஆளு கடியாரத்தைப் பார்த்துட்டு பதினொன்றரை ஆச்சுன்னாரு. அப்பவும் அடிச்சிட்டுத்தான் இருந்தேன்." கையோடு கொண்டுவந்த பூட்ஸை மேஜையில் வைத்தாள். முனையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. "நாப்பது பொம்பளைக பார்த்திருக்காங்க. யாரும் வந்து சொல்ல மாட்டேன்னுட்டாளுவ. சொன்னா எம்மேல கேஸ் போடுவீங்கன்னு பயம். போடுங்க. எனக்கென்ன?"

குற்றாலிங்கம் பூட்ஸைப் பார்த்தார், வடிவின் புருவத்தைப் பார்த்தார். அன்றைக்கு மத்தியானமே, அடையாள அட்டையைக் காட்டித் திறக்கும் அலுவலகக் கதவின் பதிவை வரவழைத்தார். அந்தப் புதன்கிழமை பதினொன்று பதினேழுக்கு அந்தக் கதவைத் திறந்தது கிருபாகரனின் அட்டை. சர்வரில் இருந்த பதிவே போதும் என்று அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. கிருபாகரனை விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே பிடித்தார்கள்.

மாலை நான்கு மணிக்குக் குற்றாலிங்கம் இரண்டு பெண்களையும் மறுபடி உள்ளே கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் போகலாம். அகஸ்தீன் விஷயம் இயந்திரக் கோளாறு. வேலைநிறுத்தத்தை உடைக்க எஸ்தாக்கியைக் கொன்னது கிருபாகரன். அப்படித்தான் அறிக்கை போகும்."

மிக்கேலம்மாள் பூட்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வடிவு எழவில்லை.

"இயந்திரத்துல கோளாறு இல்ல சார். அதுக்கு வந்த பட்டியல்படி அது சரியாத்தான் செஞ்சுது. பட்டியலைத் தப்பா அனுப்பினது நான். எந்த வரி, என்னைக்கு எழுதினேன், சோதிச்சுப் பார்க்காம ஏன் ஏத்தினேன், எல்லாத்தையும் சொல்லுதேன். அகஸ்தீன் பேருக்குக் கீழ என் பேரைப் போட்டு எழுதிக்கோங்க."

"அது உனக்கு ஜெயில்ல போய் முடியும்மா."

"தெரியும் சார்."

 அவர் எழுத்தரைக் கூப்பிட்டார். கதவு வரை போன மிக்கேலம்மாள் திரும்பி வந்து, வடிவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள். "முதல்லேர்ந்து சொல்லு. நானும் கேக்கணும்."